ட்ரெட்மில் 380 கலோரி காட்டுகிறது, எடை மட்டும் இறங்கவில்லை, ஏன்?

பெட்போர்டுவாசி:
எல்லோருக்கும் வணக்கம். வயது 34, உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. குன்னூரில் ஒரு தேயிலை அலுவலகத்தில் கணக்கு வேலை, காலை முதல் மாலை வரை நாற்காலிதான். போன மாதம் முதல்முறையாக ஜிம்மில் சேர்ந்தேன். வாரம் ஐந்து நாள் போகிறேன், ட்ரெட்மில்லில் வேகம் மணிக்கு 5 கி.மீ., இன்க்ளைன் (ஏற்றம்) 6 வைத்து 40 நிமிடம் நடக்கிறேன், முடிக்கும்போது மெஷின் 380 கலோரி என்று காட்டுகிறது. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்று படித்தேன், அந்தக் கணக்குப்படி மாதம் ஒரு கிலோவாவது குறைந்திருக்க வேண்டும் இல்லையா? வெயிட் மெஷினில் ஏறினால் 78.4!

இன்னும் இரண்டு சந்தேகம். இந்தக் குளிரில் எனக்கு வேர்க்கவே மாட்டேன் என்கிறது, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடந்தால் சீக்கிரம் கரையும் என்று ஜிம்மில் ஒரு அக்கா சொல்கிறார், உண்மையா? அப்புறம் டம்பெல் தூக்கினால் கை ஆம்பளைக் கை மாதிரி ஆகிவிடும் என்று மாமியார் பயமுறுத்துகிறார். ஜிம் முடிந்து வந்தால் பசி வேறு கொல்கிறது.

வெலிங்டன் வாத்தியார்:
உங்கள் பெருக்கல் சரிதான் சகோதரி, மெஷின் கொடுத்த 380தான் சரியில்லை. முதலில் ஒன்று சொல்லுங்கள், மெஷினில் உங்கள் எடையைப் போட்டீர்களா? போடாவிட்டால் அது தன்னிஷ்டத்துக்கு ஒரு எடையை வைத்துக்கொண்டு கணக்குப் போடும். நடைக்கென்று ஒரு பொதுவான சூத்திரம் உண்டு, அதில் உங்கள் 78 கிலோ, வேகம் 5, ஏற்றம் 6 எல்லாம் போட்டுப் பார்த்தால் 40 நிமிடத்துக்கு 310 கலோரி பக்கம் வருகிறது. அந்த 310லும் நீங்கள் சும்மா சோபாவில் உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் 50 சொச்சம் சேர்ந்திருக்கிறது. அதைக் கழித்தால் நடையால் கூடுதலாகக் கிடைத்தது 250 அவ்வளவுதான்.

அடுத்தது முக்கியமான கேள்வி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டா நடக்கிறீர்கள்?

பெட்போர்டுவாசி:
ஆமாம் சார், விட்டால் பின்னால் சறுக்கிவிடுவேன் போல இருக்கிறது. எடை போட வேண்டும் என்றே யாரும் சொல்லவில்லை.

வெலிங்டன் வாத்தியார்:
நினைத்தேன். வேகம் 5ல் 40 நிமிடம் என்றால் மூன்றே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதை 6 சதவீத ஏற்றத்தில் நடந்தால் 200 மீட்டர் உயரம் ஏறிய கணக்கு. ஊட்டியில் இருந்து தொட்டபெட்டா உச்சிக்கு உயர வித்தியாசமே சுமார் 400 மீட்டர்தான், அதில் பாதியைத் தினமும் ஏறுகிறீர்கள் என்று மெஷின் நினைத்துக்கொள்கிறது. ஆனால் கைப்பிடியில் தொங்கிப் பின்னால் சாய்ந்து நடந்தால் உடம்பை மேலே தூக்கும் வேலையில் ஒரு பங்கு கைப்பிடிக்குப் போய்விடும், மெஷினுக்கு அது தெரியாது. சமதரையில் நடந்தால் உங்களுக்கு மொத்தமே 175தான், நீங்கள் இப்போது இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறீர்கள். இன்க்ளைனை 2 அல்லது 3க்கு இறக்குங்கள், வேகத்தையும் 4.5க்குக் குறையுங்கள், கையை விட்டு வீசி நடங்கள், பழகப் பழக ஏற்றிக்கொள்ளலாம். மெஷினில் எண் குறைவாகத்தான் வரும், வரட்டும்.

ஸ்வெட்டர் யோசனையை விட்டுவிடுங்கள். வேர்வை என்பது உடம்பு சூட்டை இறக்கிக்கொள்ளும் வழி, அதில் போவது தண்ணீர், வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் அந்த எடை திரும்பி வந்துவிடும். குன்னூர் குளிரில் வேர்க்காமலே நன்றாக உழைக்கலாம். குளிரில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீரை மட்டும் ஞாபகமாகக் குடியுங்கள்.

கோத்தகிரி கரட்டுக்காரர்:
வாத்தியார் மெஷினைப் பிரித்து மேய்ந்துவிட்டார், நான் வாய்க்கு வருகிறேன். ஜிம் முடிந்து பசியோடு வெளியே வந்தால் பேக்கரி வாசனை சும்மா விடுமா தங்கச்சி? பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஒரு டீ 100 கலோரியைத் தொடும். அலுவலகத்தில் எத்தனை டீ என்று எண்ணிப் பாருங்கள், தேயிலைக்காரர்கள் வீட்டில் டீக்குக் கணக்கே கிடையாது. அதோடு வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்கெல்லாம் பெருமைதான், ஆனாலும் அது மைதா, சர்க்கரை, வனஸ்பதி சேர்ந்த சரக்கு, 100 கிராமுக்கு 400 கலோரிக்குக் கீழே வரவே வராது. லேசாக இருப்பதால் கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். 40 நிமிட நடையை ஐந்து நிமிடத்தில் தின்றுவிடலாம்.

உங்கள் வயதுக்கும் எடைக்கும் ஒரு நாள் செலவே 1900 பக்கம்தான் வரும். சாப்பாடு 1500ல் நின்றால் வாரம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பட்டினி கிடக்காதீர்கள். ஜிம்முக்குப் போகுமுன் ஒரு வாழைப்பழம், வந்ததும் இரண்டு முட்டை அல்லது சுண்டல், ராத்திரி சோற்றைப் பாதியாக்கி அவரைக்கொட்டைக் குழம்பும் பீன்ஸ் பொரியலும் தட்டு நிறைய. நம் ஊரில் காய்க்கு என்ன பஞ்சம்? உருளைக்கிழங்கை மட்டும் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சோற்றுக் கணக்கு.

மூடுபனி:
ஜிம்முக்குப் பணம் எதற்கு என்று கேட்கிறேன், நாம் இருப்பதே மலை. குன்னூர் சிம்ஸ் பார்க்குக்குள் மேலும் கீழும் நாலு சுற்று நடந்தால் ட்ரெட்மில் எல்லாம் எம்மாத்திரம்?

கோத்தகிரி கரட்டுக்காரர்:
தம்பி, அவர் வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடும், அந்த நேரத்தில் மேட்டில் காட்டெருமை நின்றால் நீங்களா வந்து விரட்டுவீர்கள்? எங்கள் பக்கம் கரடியும் சேர்த்து. ஐப்பசி மழையில் எங்கே நடப்பது? ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் சிம்ஸ் பார்க் போகட்டும், மற்ற நாளுக்கு ஜிம்தான் சரி. இன்னொன்று, இறக்கத்தில் கலோரி அதிகம் போகாது, ஆனால் முட்டியும் தொடையும் வாங்கிக்கட்டிக்கொள்ளும். 78 கிலோவோடு செங்குத்தான இறக்கத்தில் வேகமாக இறங்கவே கூடாது.

இரவுப்பணி நர்ஸ்:
எடை ஏன் 78.4 என்று யாருமே சொல்லவில்லையே. புதிதாக உடற்பயிற்சி தொடங்கினால் தசை வலிக்கும், அங்கே நீர் கோக்கும். தசை சேமித்து வைக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சத்தும் கூடவே தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாதவிலக்குக்கு முன்னால் இன்னும் கூடும். அரைக் கிலோ கொழுப்பு போயிருந்தாலும் இதெல்லாம் சேர்ந்து மறைத்துவிடும். அதனால் தினமும் மெஷினில் ஏறி மனசைக் கெடுத்துக்கொள்ளாமல், வாரம் ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள், தொப்புளுக்குச் சற்று மேலே இடுப்பை டேப் வைத்து அளந்தும் எழுதுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு.

டம்பெல் விஷயத்தில் மாமியாரிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன்! ஆண்களுக்கு இருக்கும் அளவு டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் நமக்கு இல்லை, அவ்வளவு சுலபமாகக் கை பருக்காது. சாப்பாட்டைக் குறைத்து நடை மட்டும் நடந்தால் கொழுப்போடு தசையும் கரையும், அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது எடைப் பயிற்சி கட்டாயம். ட்ரெட்மில்லை ஐந்து நாளில் இருந்து மூன்றாக்கிவிட்டு மீதி இரண்டு நாளை அதற்குக் கொடுங்கள். முடி கொட்டுவது, அதிகமான சோர்வு, மாதவிலக்கு தள்ளிப்போவது என்று ஏதாவது இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

பெட்போர்டுவாசி:
எல்லோருக்கும் நன்றி. இன்று கைப்பிடியை விட்டு, எடையும் போட்டு, இன்க்ளைன் 2ல் நடந்தேன், மெஷின் 210தான் காட்டியது, ஆனால் மூச்சு வாங்கியது முன்பைவிட அதிகம். அலுவலகத்தில் ஆறு டீ வருகிறது அண்ணா, வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். சர்க்கரை இல்லாமல் பால் டீ குடிக்கலாமா, இல்லை கறுப்பு டீதானா?

கோத்தகிரி கரட்டுக்காரர்:
இரண்டு பால் டீ அரை ஸ்பூன் சர்க்கரையோடு வைத்துக்கொள்ளுங்கள், மீதியைக் கறுப்பாகக் குடியுங்கள். நல்ல தேயிலைக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்கிறீர்கள், அதைப் பாலில் மூழ்கடிக்காமல் ஒருமுறை குடித்துப் பாருங்கள். ஐந்து மணிக்கு மேல் மட்டும் வேண்டாம், தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடிவிடும்.