வெல்டிங் மெஷின்: வாடகைக்கு எடுக்கவா, வாங்கிவிடவா?

வணக்கம். மாடியில் ஒரு கொடிப் பந்தல், இரண்டு செடி ஸ்டாண்ட், கீல் விட்டுப்போன ஒரு கேட். என் கையில் இருக்கும் வேலை இவ்வளவுதான். எல்லாமே 1.5 மி.மீ. தடிமன் உள்ள சதுரக் குழாய்.

போன மாதம் ஒரு நாள் வாடகைக்கு மெஷின் எடுத்தேன். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை. தூக்கி வைக்கவே இரண்டு ஆள் வேண்டும். வெல்டிங் ராடு பற்றியதும் வீட்டு எம்சிபி (கரண்ட் அதிகம் இழுத்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தது. அதைச் சமாளித்து, ஆம்பியரைக் குறைத்துப் பழகுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. மிச்சம், குழாயில் சுண்டு விரல் நுழையும் அளவுக்கு மூன்று ஓட்டை!

சிறிய இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின் வாங்கிவிட்டால் அவசரமில்லாமல் பழகலாம், ஒரே கையில் தூக்கலாம். ஆனால் செலவு மெஷினோடு முடியாதே: தோல் கையுறை, கிரைண்டர், கிளாம்ப்... அப்புறம் இந்த வேலைகள் முடிந்ததும் அது மூலையில் தூங்குமோ என்ற பயம் வேறு.

வீட்டில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். வருடத்தில் எத்தனை நாள் உண்மையிலேயே வெளியே எடுக்கிறீர்கள்? பவர் பிளக்கில் 2.5 மி.மீ. ராடு தொந்தரவில்லாமல் ஓடுகிறதா? 2 மி.மீ. ராடுக்கு மாறினால் ஓட்டை விழுவது குறையுமா? ஹெல்மெட்டை மட்டும் எப்படியும் சொந்தமாக வாங்கிவிடுவேன். வாடகையோடு வந்த கண்ணாடியில் கீறலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.