விளையாட்டு சேனல்களில் பொறுப்பில் இருந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். மும்பையில் ஒரு விளையாட்டு சேனலில் விளம்பர விற்பனைப் பிரிவில் இருந்தேன், கடைசியில் தென்னிந்தியா முழுக்க என் பொறுப்பு. "உனக்கென்னப்பா, கிரிக்கெட் பார்க்கவே சம்பளம்" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் நாங்கள் விற்பது பத்துப் பத்து விநாடிகளை. ரேட் பேசுவதே பத்து விநாடிக்குத்தான். ஓவர் முடிந்து அடுத்த ஓவர் தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி, விக்கெட் விழுந்தால் இன்னொன்று, ஐபிஎல் என்றால் அணிகள் திட்டம் பேச ஆட்டத்தை நிறுத்தும் இரண்டரை நிமிட டைம் அவுட். (2009இல் அது ஏழரை நிமிடமாக இருந்தது, ஆட்டத்தின் வேகமே போய்விடுகிறது என்று எல்லோரும் திட்டியதால் அடுத்த ஆண்டு அதைச் சுருக்கி, இரண்டரை நிமிடமாக இரண்டாக உடைத்தார்கள்.)

வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாதது, நமக்குக் கெட்டிக்காரப் பந்து வீச்சாளரும் ஒரு ஆபத்துதான் என்பது. 2023 செப்டம்பர் 17, கொழும்பு, ஆசியக் கோப்பை ஃபைனல். நம் பந்து வீச்சாளர் சிராஜ் ஒரே ஓவரில் நாலு விக்கெட் எடுத்தார், மொத்தம் ஆறு. இலங்கை 15.2 ஓவரில் 50 ரன்னுக்கு ஆல் அவுட், இந்தியா 6.1 ஓவரில் அடித்து முடித்துவிட்டது. நூறு ஓவர் ஆட வேண்டிய மேட்ச் 21.3 ஓவரில் முடிந்தால் விற்று வைத்த விளம்பர இடமெல்லாம் எங்கே போகும்? அதற்குள் நான் வேலையை விட்டிருந்தேன். வீட்டில் மனைவி கை தட்டிக்கொண்டிருக்கிறாள், நான் சோபாவில் உட்கார்ந்து ஓடாமல் போன பிரேக்குகளைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஓடாத விளம்பரத்துக்குப் பொதுவாகக் காசு வாங்க முடியாது, அடுத்த மேட்சில் ஈடுகட்ட வேண்டும். ஃபைனலுக்கு ஏது அடுத்த மேட்ச்!

இதைவிடப் பெரிய பயம் இந்தியா சீக்கிரம் வெளியேறுவது. பெரிய தொடரில் எல்லா இடத்தையும் முன்னாலேயே விற்றுவிட மாட்டோம், கொஞ்சம் கையில் வைத்திருந்து அரையிறுதி நெருங்கும்போது விலை ஏற்றுவோம். சீனியர்கள் 2007 உலகக் கோப்பையைச் சொல்லித்தான் புதியவர்களை மிரட்டுவார்கள். வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று மார்ச் மாதமே நாம் வெளியே, ஃபைனலோ ஏப்ரல் 28. நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் இந்தியா இல்லாத மேட்ச்கள், அதுவும் வெஸ்ட் இண்டீஸ் நேரத்தில், நமக்கு ராத்திரி. யாரிடம் போய் விற்பது?

*

நான் தயாரிப்புப் பக்கம், தமிழ் ஒளிபரப்பு. எங்களுக்கு வரும் திட்டே வேறு மாதிரி. தமிழ் வர்ணனையாளர்கள் பெரும்பாலும் மைதானத்தில் இருப்பதில்லை. மும்பையில் ஒரு ஸ்டூடியோவில் மானிட்டரைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். கேமரா எதைக் காட்டுகிறதோ அதுதான் அவர்களுக்கும் தெரியும், ஃபீல்டிங் எப்படி மாறியது என்று சொல்லவில்லையே என்று கோபப்பட்டால் என்ன செய்ய? காட்சி எல்லா மொழிக்கும் ஒன்றுதான், அதை முடிவு செய்பவர் வேறு எங்கோ இருக்கிறார். ஆனால் விளம்பரம் முடிவதற்குள் முதல் பந்து போட்டுவிட்டால் போன் வருவது மட்டும் எங்களுக்கு. ஒருமுறை அந்த முதல் பந்திலேயே விக்கெட். அன்று இரவு என் சித்தப்பா கூட விடவில்லை.

விற்பனைக்காரர்கள் இன்னும் ஐந்து விநாடி கேட்பார்கள், நாங்கள் முடியாது என்போம். இந்தச் சண்டை தினமும் உண்டு, சண்டை போட்டவர்களே ராத்திரி ஒன்றாக டீ குடிப்போம்.

*

நான் எதிர்ப்பக்கம். கோயம்புத்தூரில் மசாலா கம்பெனி ஒன்றில் மார்க்கெட்டிங். உங்களைப் போல ஒருவர் வந்து, 2022 ஜூன் ஏலத்தில் ஐபிஎல் டிவி உரிமை மேட்சுக்கு 57.5 கோடிக்குப் போனதைச் சொல்லி, அதனால்தான் இந்த ரேட் சார் என்றார். எங்கள் முதலாளி, "தம்பி, அது நீங்கள் ஏலம் கேட்ட விலை, நான் கேட்கவில்லையே" என்றார். மனிதர் சிரித்துவிட்டு, தமிழ் ஒளிபரப்புக்கு மட்டும் தனியாக ஒரு ரேட் எடுத்துக் காட்டினார். அது எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலை. ஆனாலும் சென்னை ஆடுகிற மேட்ச் மட்டும் வேண்டும் என்று முதலாளி பிடிவாதம், சென்னையை வாங்கினால் மற்ற நாலு மேட்சையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று அவர். மூன்று கப் காபி ஓடியது. கடைசியில் வாங்கிவிட்டோம், நாலுக்குப் பதில் இரண்டு.