ஐவர்மெக்டின் கொடுத்தும் குதிரைக்கு அரிப்பு நிற்கவில்லை, என்னவாக இருக்கும்? (நுவரெலியா)

வாவிக்கரை (கேள்வி)

வணக்கம். 9 வயதுப் பெண் மட்டக்குதிரை, சவாரிக்கு ஓடுவது. மூணு கிழமையா பிடரியையும் வால் அடியையும் கம்பத்தில் தேய்த்துக்கொண்டே நிற்குது. பிடரி முடி பாதி உடைஞ்சு போச்சு. கழுத்து இரண்டு பக்கமும் தவிடு தூவின மாதிரி வெள்ளைப் பொடுகு. முதுகில், சேணம் உட்காரும் இடத்துக்குப் பின்னால், சின்னச் சின்னப் பொருக்கு. கைவைத்தால் முதுகை நெளிக்குது.

செய்தது: ஐவர்மெக்டின் பேஸ்ட் (வாயால் கொடுக்கிற புழு, பூச்சி மருந்து) கொடுத்து 12 நாள் ஆச்சு, மாற்றமில்லை. அதனால பூச்சி, பேன் எல்லாம் இல்லைன்னு நினைக்கிறேன். வேப்பெண்ணெய் தடவினேன், முதுகுப் பொருக்கு கூடிப்போச்சு. தீனி கிக்கியூ புல், குவாட்டமாலா புல், கோதுமைத் தவிடு, புதுசா எதுவும் இல்லை. ராத்திரி குளிருக்குச் சாக்குப் போர்வை போடுறோம். லாயத்தில் இன்னும் மூணு குதிரை. ஒண்ணு இப்பத்தான் லேசா தேய்க்க ஆரம்பிச்சிருக்கு. ஒவ்வாமையா? ஏப்ரல் சீசனுக்கு முன்னால சரியாகணும்.

கொட்டகைக்காரன்

உண்ணிக்கு மாட்டுக்கு அடிக்கிற அமிட்ராஸ் மருந்து கடையில் கிடைக்குமே. தண்ணியில் கலந்து ஒரு தடவை உடம்பு முழுக்க அடிச்சா எல்லாப் பூச்சியும் போயிடும்.

பேராதனைப் பக்கம்

கொட்டகைக்காரன் அண்ணே, தயவு செய்து அந்தப் பதிலை எடுத்துவிடுங்க. அமிட்ராஸ் மாட்டுக்குச் சரி, குதிரைக்கு ஆகாது. குடல் அசைவை நிறுத்திவிடும், சாணி கட்டி அடைப்பு வந்து குதிரை செத்தே போகலாம். தோலில் தெளிச்சாலும் அதே ஆபத்துதான். கிழங்கு, லீக்ஸ் தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தும் வேண்டாம். அதில் இருக்கிற கரைப்பான் தோலைச் சுடும், அளவும் குதிரைக்கென்று கணக்குப் போட்டதில்லை.

வாவிக்கரை தம்பி, உங்க கேள்வியிலேயே பாதி விடை இருக்கு. இரண்டாவது குதிரையும் தேய்க்குதுன்னா ஒவ்வாமையைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஒட்டிக்கொள்கிற எதையாவது தேடுங்க. தீனி ஒவ்வாமை குதிரைக்கு அபூர்வம், அதைக் கடைசியில் வைங்க.

“ஐவர்மெக்டின் கொடுத்தாச்சு, அதனால பேன் இல்லை” என்கிற கணக்குத்தான் தப்பு. குதிரைப் பேன் இரண்டு சாதி. ஒண்ணு இரத்தம் உறிஞ்சுறது, மற்றது பொடுகையும் செத்த தோலையும் கடிச்சுத் தின்கிறது. வாயால் கொடுக்கிற மருந்து இரத்தத்தில்தான் போகுது. கடிக்கிற பேன் இரத்தம் குடிக்காது, அதனால மருந்து அதைச் சரியாகத் தொடுறதே இல்லை. அதைத் தோலின் மேல் மருந்து போட்டுத்தான் கொல்லணும். குளிரில் ரோமம் அடர்ந்து நிற்கிற காலம், ஒரே பிரஷ் நாலு குதிரைக்கும்: பேன் பெருக இதைவிட வசதி வேண்டாம்.

மருந்து போடுறதுக்கு முன்னால பாருங்க. காலையில் வெயில் வந்ததும் பிடரி அடியில் முடியைக் கையால் இரண்டாகப் பிரிங்க, தோல் தெரியணும். வால் அடி, நெற்றி முடி, கழுத்துப் பக்கம், இந்த இடங்கள்தான். கடிக்கிற பேன் 1 முதல் 2 மில்லிமீட்டர், தட்டை, மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். பொடுகுக்குள் பொடுகாகவே இருக்கும், வெளிச்சம் பட்டால் நகரும். ஈர் முடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பொடுகு ஊதினால் பறக்கும், ஈர் பறக்காது. ஒரு துண்டு செலோடேப்பைத் தோலில் அழுத்தி எடுத்து கண்ணாடித் துண்டில் ஒட்டி மிருக டொக்டரிடம் கொடுங்க. ஒரு நிமிஷத்தில் நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்லிவிடுவாங்க.

முதுகுப் பொருக்கு வேறு கதை மாதிரி தெரியுது. ஒரு பொருக்கை ஈரப்படுத்தி மெதுவாக உரிச்சு, அடிப்பக்கம் எப்படி இருக்குன்னு எழுதுங்க.

நானுஓயா மேடு

மேலே சொன்னது சரி. இன்னும் சிலதைக் கழிச்சுக்கட்டலாம்.

வால் மட்டும் தேய்ச்சா, பிடரியில் ஒண்ணுமில்லைன்னா, ஊசிப்புழுவைச் சந்தேகிக்கணும். விடியக்காலை ஆசனவாய்த் தோலில் செலோடேப் அழுத்தி எடுத்தா முட்டை தெரியும். உங்க குதிரைக்குப் பிடரியும் போயிருக்கு, அதனால இது இரண்டாம் பட்சம்.

பிடரியும் வாலும் வயிற்று நடுக்கோடும், அதோடு சாயங்காலமும் விடியலும் மட்டும் துடிக்குதுன்னா, கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் பறக்கிற சின்னக் கடி ஈ. அது பலவீனமாகப் பறக்கும், ஒரு மின்விசிறி காற்றே தடுத்துவிடும். ஈரமான வடிகாலும் சாணிக் குவியலும் அதுக்கு வீடு. ஆனா உறைபனி கொட்டுற இந்தத் தை மாசக் குளிரில் பெருசாப் பறக்காது.

கால் மட்டும், முழங்காலுக்குக் கீழே, ராத்திரி தரையை உதைச்சுக்கொண்டே இருந்தா கால் சிரங்குப் பூச்சி. வட்ட வட்டமா முடி போய், அரிப்பு கொஞ்சமா இருந்தா படர்தாமரை. அது மனுஷனுக்கும் ஒட்டும், சவாரி வர்ற பிள்ளைகள் தொடுறாங்க, கவனம். வெள்ளைத் தோல் இருக்கிற இடத்தில் மட்டும் வெந்து உரிஞ்சா வெயிலும் தின்ற செடியும் காரணம், அதுக்கு ஈரலையும் பார்க்கணும்.

ஐவர்மெக்டின் எத்தனை கிலோவுக்குக் கொடுத்தீங்க?

வாவிக்கரை

குத்துமதிப்பா 200 கிலோன்னு வைச்சுக் கொடுத்தேன். ராத்திரியும் பகலும் ஒரே மாதிரித்தான் தேய்க்குது, கால் நல்லாயிருக்கு.

பொருக்கை வெந்நீரில் நனைச்சு உரிச்சேன். முடி கொத்தோடு வந்துது, சின்னப் பெயின்ட் பிரஷ் மாதிரி. அடிப்பக்கம் குழி விழுந்த மாதிரி, மஞ்சள் சீழ் கொஞ்சம். கீழே தோல் இளஞ்சிவப்பா, ஈரமா இருந்துது. பிடரியில் டேப் ஒட்டி எடுத்தேன், ஒண்ணு அசையுது!

பேராதனைப் பக்கம்

அப்போ இரண்டு நோய் ஒரே குதிரையில். பிடரி, கழுத்து, வால்: பேன். முதுகு: மழைப்பொருக்கு. பெயின்ட் பிரஷ் மாதிரி முடிக்கொத்து வர்றதுதான் அதுக்கு அடையாளம். கிருமியின் பெயர் டெர்மடோஃபைலஸ். பொருக்கைத் துளி உப்புத்தண்ணியில் ஊறவைச்சு நசுக்கி, காயவைச்சு, ஜீம்சா சாயம் போட்டுப் பார்த்தா உருண்டைகள் இரட்டை வரிசையா நிற்கும், நானுஓயா ஸ்டேஷன் தண்டவாளம் மாதிரி. ஆள் தோலிலும் அபூர்வமா ஒட்டும், கையுறை போட்டு வேலை செய்யுங்க.

இது வர ஈரமும் தோல் உராய்வும் வேணும். சாயங்கால மூடுபனியில் நனைஞ்ச முதுகில் சாக்குப் போர்வை, அது ராத்திரி முழுக்க ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், காலையில் அதன்மேல் சேணம். வேப்பெண்ணெய் தடவினதும் ஈரத்தை உள்ளே மூடிவிட்டது, அதுதான் கூடிப்போனதுக்குக் காரணம். எண்ணெய் எதுவும் இனி வேண்டாம், வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய், பழைய எஞ்சின் ஒயில், ஒண்ணும். சாக்கைக் கழற்றுங்க. நல்ல ரோமம் இருக்கிற குதிரைக்கு முதுகு காய்ந்திருந்தா நுவரெலியாக் குளிர் தாங்கும். நனைஞ்ச முதுகுதான் தாங்காது.

முதுகுக்கு: குளோர்ஹெக்ஸிடீன் என்கிற கிருமிநாசினி, 4 வீத ஸ்க்ரப், பாமசியில் கிடைக்கும். சம அளவு தண்ணியில் கலங்க, 2 வீதமாகும். இளஞ்சூட்டுத் தண்ணியில் முதுகை நனைச்சு, கலவையைத் தேய்ச்சு, 10 நிமிஷம் விட்டுக் கழுவுங்க. கடிகாரம் பாருங்க, இரண்டு நிமிஷத்தில் கழுவினா சோப்புப் போட்ட மாதிரித்தான். நல்லா ஊறி, தானா கழன்று வர்ற பொருக்கை மட்டும் எடுங்க, காய்ந்ததைப் பிய்க்காதீங்க, வலிக்கும், உதைக்கும். எடுத்ததைத் தரையில் போடாமல் எரிச்சிடுங்க, கிருமி காய்ந்த பொருக்குக்குள் பல நாள் உயிரோடு கிடக்கும். பிறகு பழந்துணியால் ஒற்றிக் காயவையுங்க. தினம் ஒரு தடவை 7 நாள், பிறகு கிழமைக்கு இரண்டு. கழுவுறதைக் காலை 10 மணிக்கும் பகல் 1 மணிக்கும் நடுவில் வைங்க, மூடுபனி இறங்கிட்டா காயாது. வெயில் இல்லாத நாளில் விட்டுவிடுங்க, ஒரு நாள் தவறினா குடிமுழுகாது.

பேனுக்கு இரண்டு வழி. குதிரைக்கென்று லேபிள் போட்ட பெர்மெத்ரின் (தோல் மேல் போடுற பூச்சிமருந்து) கிடைச்சா லேபிளில் உள்ள அளவுப்படி போடலாம். ஆனா நீங்க முதுகைத் தினம் கழுவப் போறீங்க, மேலே போட்ட மருந்து தண்ணியோடு போயிடும். லாயத்தில் பூனை இருந்தா பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

அதனால இந்தக் குதிரைக்கு நான் இரண்டாவது வழியைச் சொல்வேன்: செலீனியம் சல்பைடு சம்பூ. கடித்துத் தின்கிற பேனுக்கு 1 வீதம் போதும். மனுஷர் பொடுகுக்கு விற்கிறது 2.5 வீதம். 400 மில்லி சம்பூவோடு 600 மில்லி தண்ணி சேர்த்தா சரியா 1 வீதம். 100 மில்லி போத்தல்னா நாலு போத்தல், ஒரு குதிரைக்கு ஒரு தடவை. முழு உடம்பும் நனைச்சு, வால் அடி, காதுக்குப் பின்னால், தொடை இடுக்கு விடாமல் தேய்ச்சு, 5 நிமிஷம் கழிச்சுக் கழுவுங்க. கண்ணில் படக்கூடாது. முதுகுப் புண்ணில் இதைப் போடவேண்டாம், அங்கே குளோர்ஹெக்ஸிடீன் மட்டும். 10 நாள் இடைவெளியில் மூணு தடவை. ஏன் மூணுன்னா, ஈரைக் கொல்லும்னு நம்பமுடியாது. பொரிக்கிறது முட்டை போடுற வயசுக்கு வர்றதுக்குள் அடுத்த கழுவல் விழணும். ஒரு தடவையோடு நிறுத்திறவங்கதான் “மருந்து வேலை செய்யலை”ன்னு சொல்றது.

வாங்குறதுக்கு முன்னால உங்க மிருக டொக்டரிடம் இந்த அளவுகளைக் காட்டுங்க, குட்டி வயிற்றில் இருந்தா கட்டாயம் சொல்லுங்க.

நானுஓயா மேடு

கிலோ விஷயம். அளவு நாடா எடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி சென்டிமீட்டரில் அளங்க. தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனைவரை நீளம் அளங்க. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தா கிலோ வரும். உதாரணம்: சுற்றளவு 148, நீளம் 130 என்றால் கிட்டத்தட்ட 240 கிலோ. ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அப்போ 48 மில்லிகிராம். நீங்க 200 கிலோவுக்குக் கொடுத்திருந்தா குறைவு. இப்ப அவசரப்பட்டுத் திரும்பக் கொடுக்க வேண்டாம், அடுத்த குடற்புழு முறைக்கு எண்ணைக் குறிச்சு வையுங்க. மாட்டு ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குக் குத்தவும் வேண்டாம், குத்தின இடம் மோசமாக அழுகின கேஸ் உண்டு. பேஸ்ட்தான்.

“அரிப்புக்கு ஒரு ஊசி போடுங்க”ன்னும் கேட்காதீங்க. அரிப்பை நிறுத்துற ஸ்டீராய்டு குளம்பு அழற்சியைக் கொண்டுவரலாம், மழைப்பொருக்குக் கிருமிக்கும் அது கொண்டாட்டம்.

கொட்டகைக்காரன்

அமிட்ராஸ் பதிலை வாபஸ் வாங்குறேன், தெரியாமல் சொல்லிட்டேன். பேன் மனுஷனுக்கு ஏறுமா? லாயத்தில் வேலை செய்ற பொடியன்கள் பயப்படுறாங்க.

பேராதனைப் பக்கம்

குதிரைப் பேன் குதிரையில்தான் வாழும். கையில் ஊர்ந்தா கழுவினால் போதும். பிரஷ், சேணத்துணி, வயிற்றுப்பட்டை வழியாத்தான் குதிரைக்குக் குதிரை போகுது. துணி எல்லாத்தையும் 60 பாகைக்கு மேல் சூட்டில் சவர்க்காரத்தோடு ஊறவைச்சுத் துவைங்க. தோல் சாமானை அப்படிச் செய்யமுடியாது. துடைச்சு பிளாஸ்டிக் பையில் கட்டி மூணு கிழமை ஒதுக்கி வைங்க. குதிரையை விட்டு விலகின பேன் அவ்வளவு நாள் தாங்காது. குதிரைக்கு ஒரு பிரஷ், மேலே வர்ணத்தில் குறி போடுங்க.

நாலு குதிரைக்கும் ஒரே நாளில் மருந்து. அரிக்காத குதிரைக்கும்தான். மூணுக்குப் போட்டு ஒண்ணை விட்டா, அந்த ஒண்ணு இருபது நாளில் மிச்சத்துக்கும் திருப்பிக் கொடுக்கும்.

வாவிக்கரை

12ஆம் நாள். சம்பூ இரண்டு தடவை ஆச்சு. டொக்டர் டேப்பைப் பார்த்து கடிக்கிற பேன்தான்னு சொன்னார். முதுகில் பொருக்கு கழன்று புதுத் தோல் வந்திருக்கு, இரண்டு இடத்தில் மட்டும் மிச்சம். கம்பத்தில் தேய்க்கிறது பாதிக்கு மேல் குறைஞ்சிருக்கு, ஆனா இன்னும் இருக்கு. சேணம் எப்போ வைக்கலாம்?

பேராதனைப் பக்கம்

கைவிரலை அழுத்தி முதுகின் மேல் ஓட்டுங்க. நெளியாமல், மேடு தட்டாமல் இருந்து, அதுக்குப் பிறகு ஒரு கிழமை போனா வைக்கலாம். அதுவரை கயிற்றில் பிடிச்சு நடத்துங்க. சேணத்துணி பருத்தியாக, தினம் மாற்றினதாக இருக்கட்டும். சவாரி முடிஞ்சு வந்ததும் வேர்வையைக் காயவிட்டுப் பிறகு தேய்ங்க.

மிச்ச அரிப்பு புதுசாப் பொரிச்ச பேனாக இருக்கலாம், மூணாவது கழுவலை விட்டுவிடாதீங்க. அது முடிஞ்சு 10 நாள் கழிச்சு திரும்ப டேப் எடுங்க, ஈரின் நிறத்தையும் பாருங்க. வெற்று ஈர் வெள்ளையா ஒளி ஊடுருவும், முடியோடு வளர்ந்து தோலைவிட்டு மேலே போயிருக்கும். தோலை ஒட்டி மங்கலா, நிரம்பினதா இருந்தா இன்னும் ஒரு தடவை கழுவணும்.