செய்தியாளரின் கைபேசியைக் காவல்துறை எடுத்துக்கொள்ளலாமா?

வைகைக்கரையான்:
அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றவாளிக்கு 2025 ஜூன் 2 அன்று, குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர இயலாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. நான் கேட்க வந்தது அந்த வழக்கின் ஓரத்தில் நடந்த ஒன்றைப் பற்றி. 2024 டிசம்பரில் அந்த மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவரை அடையாளம் காட்டும் விவரங்களோடு காவல்துறையின் இணையதளத்திலிருந்தே வெளியே போனது. சென்னை உயர்நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் வழங்கச் சொன்னது. அந்தக் குழு செய்தியாளர்கள் சிலரை அழைத்து விசாரித்து, அவர்களுடைய கைபேசிகளையும் வாங்கி வைத்துக்கொண்டது. சென்னை பத்திரிகையாளர் மன்றமும் செய்தியாளர்களும் வழக்குத் தொடுத்தபின், 2025 பிப்ரவரியில் நீதிபதி ஜி.கே. இளந்திரையன் அவற்றைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். குழு செய்தது முறைதானா?

ஓய்வுக்காக்கி:
முறைதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் காவல் நிலையங்களில் வழக்கு எழுதியும் விசாரித்தும் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அறிக்கையை யார் இறக்கினார் என்பதை இணையதளத்தின் பதிவேடு காட்டிவிடும். இறக்கியவர் அதை யாருக்கு அனுப்பினார் என்பதைக் கைபேசிதான் காட்டும். தகவல் தொடர்புக் கருவிகளைக் கேட்டுப் பெறப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. ஆட்டோ ஓட்டுநரிடமும் மருத்துவரிடமும் வாங்கலாம், செய்தியாளரிடம் மட்டும் வாங்கக் கூடாது என்றால் அது என்ன நியாயம்? பத்திரிகைச் சுதந்திரம் என்ற சொல்லே நம் அரசமைப்பில் தனியாகக் கிடையாது. பேச்சுரிமை தரும் 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவானது.

மாவட்டச்செய்தியாளன்:
ஐயா, அந்த அறிக்கையைப் பரப்பியவர் எவராக இருந்தாலும் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். ஆனால் கைபேசியைப் பற்றி நீங்கள் பேசுவது, அதை மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கியவரின் பேச்சு. கொடுத்தவன் சொல்வதையும் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பகுதிச் சோதனைச்சாவடி ஒன்றில் மணல் லாரிகள் நிறுத்தப்படாமல் போவதைப் பற்றி எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. "சும்மா ஒரு விசாரணை" என்றார்கள். போன இடத்தில் கைபேசியை வாங்கி, நிலைய எழுத்தர் தம் மேசை இழுப்பறையில், முத்திரைமை டப்பாவுக்கும் பழைய சம்மன் கட்டுக்கும் நடுவில் வைத்துப் பூட்டினார். கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜர் இல்லை, ரசீது இல்லை, என் கையெழுத்தும் கேட்கப்படவில்லை. பதினோரு நாள் கழித்து அது திரும்பி வந்தது. என் மீது வழக்கு எதுவும் போடவில்லை. ஆனால் லாரி எண்களை எனக்குச் சொன்ன காவலர் அதே மாதத்தில் ஆயுதப்படைக்கு மாற்றப்பட்டார். என் கைபேசியைப் பார்த்துத்தான் மாற்றினார்களா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. அதன்பிறகு பேருந்து நிலையத்தில் எதிரே வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

காவல்துறையின் தவற்றைப் பற்றி எங்களுக்குச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் காவலர்களே. ஆகவே ஒரு செய்தியாளரின் கைபேசி காவல்துறையின் கைக்குப் போனால், கலங்குவது அந்தச் செய்தியாளர் மட்டுமல்லர். அந்த மாவட்டத்தில் அவரிடம் ஒருமுறையாவது பேசிய ஒவ்வொரு காவலரும் கலங்குவார். எவருடைய கைபேசியைப் பறித்தாலும் அவருடைய அந்தரங்கம் போகும் என்பது உண்மை. செய்தியாளரிடம் பறிக்கும்போது பறிப்பவரைப் பற்றியே சாட்சி சொன்னவர்களின் பட்டியலும் சேர்ந்து போகிறது. ஆட்டோ ஓட்டுநரோடு ஒப்பிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கருப்பங்கி:
வழக்குரைஞர் என்பதால் ஒரு பழைய தீர்ப்பை நினைவூட்டுகிறேன். தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை வெளியிடப்போவதாக நக்கீரன் இதழ் 1994இல் அறிவித்தது. அதில் ஐபிஎஸ் உள்ளிட்ட உயரதிகாரிகள் அவரோடு வைத்திருந்த தொடர்புகள் இருப்பதாகச் சொல்லப்பட்டது. சிறைத்துறைத் தலைவர் அதை வெளியிடக் கூடாது என்று இதழுக்குக் கடிதம் எழுதினார். உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபரில், அச்சாவதற்கு முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை என்றும், பொது ஊழியர் தம் கடமை சார்ந்த நடத்தையைப் பற்றி எழுதப்பட்டதற்கு, அது பொய் என்பதோடு உண்மையை அறியும் அக்கறையே இல்லாமல் எழுதப்பட்டது என்பதையும் மெய்ப்பித்தாலொழிய, இழப்பீடு கேட்க முடியாது என்றும் சொன்னது. இந்தியப் பத்திரிகைகள் காவல்துறையைப் பற்றி எழுதுவதற்கான தரை அந்தத் தீர்ப்பில்தான் போடப்பட்டது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு என்பது நமக்கே பல நேரம் மறந்துபோகிறது.

ஓய்வுக்காக்கி:
அதே தீர்ப்பில் நீங்கள் விட்ட வரியை நான் சொல்கிறேன். பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம் என்று கூறிய நீதிமன்றம், அதற்கு ஒரு விலக்கையும் வைத்தது: பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் பெயரும் அந்த நிகழ்வும் ஊடகங்களில் வரக் கூடாது. நாம் பேசிக்கொண்டிருப்பது அந்த விலக்குக்குள் வரும் வழக்கைப் பற்றி. மணல் லாரியை எழுதியவரின் கைபேசியைப் பூட்டி வைத்தது தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தவற்றை இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

கருப்பங்கி:
விலக்கைச் சுட்டியது சரி. ஆனால் அது எதை வெளியிடக் கூடாது என்பதைப் பற்றியது. வெளியிட்டவரை எப்படி விசாரிப்பது என்பதைப் பற்றியது அன்று. அதற்குத்தான் நம்மிடம் சட்டம் இல்லை. செய்தி தந்தவரின் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்ற பாதுகாப்பு 1978ஆம் ஆண்டின் இந்தியப் பத்திரிகை மன்றச் (பிரஸ் கவுன்சில்) சட்டத்தில் இருக்கிறது, அதுவும் அந்த மன்றத்தின் முன்னால் மட்டும். காவல் நிலையத்தில் அது செல்லாது. செய்தி மூலத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று சட்ட ஆணையம் 1983இலேயே தன் 93ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது, ஒன்றும் நடக்கவில்லை. ஊடகத்தினரின் கருவிகளைக் கைப்பற்றுவதற்கு நெறிமுறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் ஒன்றிய அரசிடம் சொல்ல வேண்டியிருந்தது.

தாமரைக்குளம்:
நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இரண்டு தரப்பும் அவரவர் உரிமையைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த அறிக்கை மறுநாளே எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. பெயரை மறைக்கக்கூடத் தோன்றாமல், "பார்த்தீர்களா" என்ற ஒரு சொல்லோடு அனுப்பியிருந்தார்கள். அறிக்கை எழுதப்பட்டிருந்த விதமே மாணவியின் மேல் பழிபோடுவதாக இருந்தது என்று உயர்நீதிமன்றமும் பிறகு கண்டித்தது. அப்படி எழுதியதைச் செய்தியாக்குவது பத்திரிகையாளரின் வேலை என்பதை ஏற்கிறேன், ஏனெனில் அது காவல்துறையின் மேலான விமர்சனம். அதற்கு அறிக்கையை அப்படியே கடத்த வேண்டிய தேவை என்ன?

மாவட்டச்செய்தியாளன்:
எந்தத் தேவையும் இல்லை, அம்மா. கடத்தியவர் செய்தியாளராக இருந்தால் அவருக்காக நான் வாதாட மாட்டேன். என் கேள்வி விசாரணையின் திசையைப் பற்றியது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், பாலியல் குற்றம் போன்றவற்றை ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதியதற்கு மாறும்போது இத்தகைய அறிக்கைகள் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி தாமதமானது என்பது காவல்துறை தந்த விளக்கம். அதாவது கதவைத் திறந்து வைத்தது யார் என்பது தெரியும்; உள்ளே எட்டிப் பார்த்தவரின் சட்டைப்பையைத்தான் முதலில் சோதித்தார்கள்.

ஓய்வுக்காக்கி:
இரண்டையும் சோதிக்கலாம். ஒன்றைச் சோதிக்காததால் மற்றதையும் விட்டுவிட வேண்டும் என்பது வாதமாகாது.

இன்னொன்று. காவல்துறையை விமர்சிக்கும் சுதந்திரம் பற்றிப் பத்திரிகைகள் பேசும்போது எனக்குச் சற்றுச் சிரிப்பு வரும். நாங்கள் அனுப்பும் செய்திக்குறிப்பை எழுத்து மாறாமல் போடுபவர்கள் யார்? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், காவலில் தாக்கப்பட்டு இறந்த பென்னிக்ஸ் தரையில் உருண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. அதை ஒரு தொலைபேசி அழைப்பிலாவது சரிபார்க்காமல் போட்டவர்கள் இருந்தார்கள். குற்றச்செய்தி எழுதுபவருக்கு நாள்தோறும் நிலையத்தில் தேநீர் வேண்டும், ஆய்வாளரின் வாட்ஸ்அப் குழுவில் இடம் வேண்டும். அந்தக் குழுவிலிருந்து நீக்கிவிட்டால் போதும், கைபேசியைப் பறிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

மாவட்டச்செய்தியாளன்:
இந்த ஒன்றில் நீங்கள் எங்களைச் சரியாகவே அறிந்து வைத்திருக்கிறீர்கள். குழுவிலிருந்து நீக்கப்பட்ட அனுபவம் எனக்கும் உண்டு. ஒரு மாதம் விபத்துச் செய்திகளைக்கூடப் போட்டிப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அதே சாத்தான்குளத்தில், விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் உண்மையைச் சொன்னவர் யார்? தலைமைக் காவலர் ரேவதி. 2025 ஜூனில் மடப்புரம் கோயிலில் காவலாளி அஜித்குமார் காவல்துறையினரால் அடிக்கப்பட்டதைக் காட்டியது மறைந்திருந்து எடுக்கப்பட்ட ஒரு கைபேசிப் பதிவு. அத்தகைய பதிவு ஒரு செய்தியாளருக்கு வந்து, அவருடைய கைபேசி உடனே நிலையத்துக்குப் போயிருந்தால், எடுத்தவரின் நிலை என்னவாகியிருக்கும்?

கருப்பங்கி:
ஓய்வுக்காக்கி ஐயாவிடம் ஒரே கேள்வி. நடுவரின் ஆணை பெற்று, குறிப்பிட்ட அந்தக் கோப்பை மட்டும் படியெடுத்து, கருவியை அன்றே திருப்பிக் கொடுத்தால் உங்கள் விசாரணைக்கு என்ன குறைந்துவிடும்?

ஓய்வுக்காக்கி:
ரசீது கொடுப்பதையும், படியெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதையும் ஏற்கிறேன். ஒவ்வொரு முறையும் நடுவரிடம் போய் நின்றால், ஆணை வருவதற்குள் அழிக்க வேண்டியதை அழித்துவிடுவார்கள். அதில் உடன்பாடு இல்லை. செய்தியாளர் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும்: ஆயுதப்படைக்குப் போன அந்தக் காவலர் இப்போது எங்கே இருக்கிறார்?

மாவட்டச்செய்தியாளன்:
ஓய்வு பெற்றுவிட்டார், ஐயா. அவருடைய எண் இப்போதும் என் கைபேசியில் "பால்காரர்" என்ற பெயரில் இருக்கிறது. நான் அழைத்ததில்லை.