ரெட் சிடாரா, ராக்கி மவுன்டன் ஜூனிபரா?

சமவெளிக்காரன்:
அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கிழக்கே இருந்தவரை வேலியோரம் நிற்பதெல்லாம் ஈஸ்டர்ன் ரெட் சிடார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்போது மாநிலத்தின் மேற்குக் கோடிக்கு வந்துவிட்டோம். கொல்லையில் அதே சாயலில் ஒரு மரம். பக்கத்து வீட்டுக்காரர் இது ராக்கி மவுன்டன் ஜூனிபர் என்கிறார். இலை கொஞ்சம் நீலம் பூத்திருக்கிறது. நிறத்தை நம்பலாமா? காய் நிறைய இருக்கிறது.

கொப்பும்கிளையும்:
நிறத்தை நம்பாதீர்கள். நான் அப்படி நம்பி இரண்டு வருடம் தவறான பெயரைக் குறித்து வைத்திருந்தேன். ரெட் சிடாரிலும் நீலச் சாயல் மரங்கள் உண்டு.

காய் இருப்பதால் உங்களுடையது பெண் மரம், அது நல்லதாயிற்று. ரெட் சிடாரின் காய் பூத்த ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே பழுத்துவிடும். அதனால் மரம் முழுக்க ஒரே பருவத்துக் காய்தான். ராக்கி மவுன்டன் ஜூனிபருக்கு அடுத்த ஆண்டும் வேண்டும். பழுத்த நீலக்காய் ஒரு பக்கம், இந்த வருடத்துப் பச்சைப் பிஞ்சு இன்னொரு பக்கம் என்று ஒரே மரத்தில் இரண்டும் இருக்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது கிளையை விடவே மனம் வரவில்லை.

அப்புறம், ஒரு நுனிக்கொப்பை லென்ஸில் பாருங்கள். ரெட் சிடாரில் செதில் இலைகள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று நன்றாக ஏறியிருக்கும். மற்றதில் நுனிகள் அடுத்த இலையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

வடமலை:
மேற்கத்திய மரத்தையும் வெகுகாலம் ரெட் சிடார் என்றே எண்ணியிருந்தார்கள். தாவரவியலாளர் லின்னேயஸ் கிழக்கு மரத்துக்குப் பெயர் வைத்தது 1753-ல். மேற்கத்தியதை அமெரிக்கத் தாவரவியலாளர் சார்ஜென்ட் தனி இனமாகப் பிரித்தது 1897-ல்தான். நீங்கள் இருக்கும் பக்கம் இரண்டும் கலந்து கலப்பு மரங்களும் வளர்கின்றன. ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

ஆமாம், சிடார் என்ற பெயரைக் கேட்டுத் தேவதாரு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டுமே ஜூனிபர் என்ற வேறு பேரினத்து மரங்கள்தான்.

சமவெளிக்காரன்:
இன்று காலை லென்ஸோடு போனேன். நீலக்காயும் பச்சைப் பிஞ்சும் ஒரே கிளையில் இருந்தன! ஆனால் செதில்கள் சில கொப்புகளில் ஏறியும் சிலவற்றில் விலகியும் இருக்கின்றன. கலப்பாக இருக்குமோ?

கொப்பும்கிளையும்:
இருக்கலாம். மரத்தின் நாலு பக்கமும் கீழிருந்தும் மேலிருந்தும் கொப்பெடுத்துப் பாருங்கள். இளங்கிளைகளின் ஊசி இலைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை இரண்டு இனத்திலும் வரும்.