மாஸ்டடானுக்கு மாறியவர்களே, உங்கள் சர்வரை நடத்துபவரோடு உங்களுக்கு நேர்ந்த அனுபவம் என்ன?

கார்மேகம்

ட்விட்டர் 2022 அக்டோபரில் கைமாறிய பிறகு மாஸ்டடானுக்கு வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். ட்விட்டர் போன்றதுதான், ஆனால் ஒரே நிறுவனம் நடத்தாமல், பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்த சமூக வலை இது. இந்த மாற்றத்தைப் பற்றி வந்த கட்டுரைகள் பெரும்பாலும் தொழில்நுட்பத்தையே பேசுகின்றன. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை, அதை 2018 ஜனவரியில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரையாக வெளியிட்டது, எந்தச் சர்வரில் கணக்கு இருந்தாலும் மற்றச் சர்வர்களில் இருப்பவர்களோடு பேசலாம் என்பது, விளம்பரமில்லாத காலவரிசை. எல்லாம் சரிதான். எனக்குப் புதிதாக இருந்தது வேறொன்று: சர்வரை நடத்துபவர், அதாவது அட்மின், ஒரு மனிதர், அவருக்கு எழுதினால் பதில் வருகிறது.

பழைய தளத்தில் அத்தனை ஆண்டுகள் எழுதியும் அதன் ஊழியர் ஒருவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. புகார் கொடுத்தால் "எங்கள் விதிகள் எதுவும் மீறப்படவில்லை" என்று இயந்திரம் எழுதிய இரண்டு வரி வரும். இங்கே ஒருவர் என்னை விடாமல் ஏசிக்கொண்டிருந்தார். புகார் செய்தேன். மறுநாள் அட்மின் எழுதியிருந்தார்: "அவருடைய பழைய பதிவுகளையும் பார்த்தேன், கணக்கை நீக்கிவிட்டேன். நீங்களும் மூன்றாவது பதிலில் அவர் அப்பாவை இழுத்திருக்க வேண்டாம்." படித்ததும் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. முழுச் சண்டையையும் ஒருவர் உட்கார்ந்து தமிழிலேயே படித்திருக்கிறார்!

உங்களுக்கு நேர்ந்தது நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள். மென்பொருள் விளக்கம் வேண்டாம், அது தேடினாலே கிடைக்கிறது.

ஏட்டுச்சுரை

நீங்கள் 2022ஆம் ஆண்டு அலை, நான் 2019. அந்த அலையை இப்போது யாரும் நினைப்பதில்லை. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. அவர் வைத்திருந்த முகப்புப் படம்தான் தொடக்கம். கூட்டமே கையை நீட்டி நாஜி வணக்கம் செலுத்தும்போது, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒற்றை ஆளின் புகழ்பெற்ற படம் அது. ஆகஸ்ட் லாண்ட்மெஸ்ஸர் என்று பரவலாக அடையாளம் சொல்லப்படுபவர். நாஜிகளை எதிர்த்து நின்றவரின் படத்தை வெறுப்புப் படம் என்று தடுத்த அறிவை என்னவென்று சொல்வது! நீலக்குறி கொடுப்பதில் சாதி பார்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அந்த ஆண்டு நவம்பரில்தான் பெரிதாக வெடித்தது. இந்தியாவிலிருந்து பெருங்கூட்டம் மாஸ்டடானுக்கு வந்தது.

நான் சேர்ந்தது ஐரோப்பாவிலிருந்து ஒருவர் நடத்திய சர்வர். வந்த கூட்டத்தோடு சாதியும் வந்தது. ஒரு சாதிப் பெயரை வசையாகப் போட்டு ஒருவர் எழுதியதைப் புகார் செய்தேன். "இந்தச் சொல்லை அகராதியில் தேடினேன், ஒரு சமூகத்தின் பெயர் என்றுதான் இருக்கிறது, இதில் என்ன தவறு?" என்று அட்மின் கேட்டார். நியாயமான கேள்வி. நீண்ட மடல் எழுதினேன். அதே சொல் எப்போது பெயராக இருக்கிறது, எப்போது அடியாக விழுகிறது, சொல்பவர் யார் என்பதைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று. அவர் மேலும் கேள்விகள் கேட்டார், நானும் சலிக்காமல் எழுதினேன். அடுத்த வாரம் சர்வரின் விதிகளில், இனம், மதம், பாலினம் என்ற வரிசையில் சாதியும் சேர்ந்திருந்தது.

வந்த கூட்டத்தில் பெரும்பாலோர் சில வாரங்களில் திரும்பிப் போய்விட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். விதியில் சேர்ந்த அந்த ஒரு சொல் அப்படியே இருக்கிறது.

வேலிக்கருவை

எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். வந்தேன், சில மாதங்கள் இருந்தேன், போய்விட்டேன். அட்மின் நல்லவர்தான். ஆனால் என் ஊர்க்காரர்கள், பள்ளி நண்பர்கள், உறவினர்கள், ரத்தம் தேவை என்ற அறிவிப்பு, அணை திறப்புச் செய்தி எல்லாம் இன்னமும் பழைய இடங்களில்தான். கிரிக்கெட் ஆட்டம் கடைசி ஓவருக்குப் போகும்போது இங்கே ஒருவர் லினக்ஸ் கர்னல் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். கணக்கை வைத்திருக்கிறேன், எப்போதாவது எட்டிப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

உப்பளம்

மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு சிறிய சர்வரின் அட்மின் நான். நண்பர்களுக்காகத் தொடங்கியது, நண்பர்களின் நண்பர்கள் வந்தார்கள், பிறகு முகம் தெரியாதவர்களும் வந்தார்கள்.

வெளியே தெரியாத வேலையைச் சொல்கிறேன். நம் சர்வரில் ஒருவர் ஜப்பானில் இருக்கும் ஓவியர் ஒருவரைப் பின்தொடர்ந்தால், அவர் போடும் ஒவ்வொரு படமும் என் வட்டில் நகலாக வந்து உட்காரும். வாரத்துக்கு ஒரு முறை பழைய நகல்களைத் துடைக்காவிட்டால் இடம் தீர்ந்து சர்வர் படுத்துவிடும். 2022 நவம்பரில் உலகமே இந்தப் பக்கம் திரும்பியபோது பின்னணி வேலைகளைக் கவனிக்கும் சைட்கிக் மென்பொருளின் வரிசையில் வேலைகள் தேங்கி, காலையில் எழுதிய பதிவு மாலையில்தான் வெளியூர்ச் சர்வர்களுக்குப் போனது. "என் பதிவுக்கு யாருமே பதில் தரவில்லை" என்று வருந்தி எழுதியவர்களுக்கு, உங்கள் பதிவு இன்னும் கிளம்பவே இல்லை என்று நான் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது சட்டம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரை வெளியிட வேண்டும், புகாருக்கு 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், உரிய நாள்களுக்குள் தீர்க்க வேண்டும். 50 லட்சம் பயனர்களைத் தாண்டியவர்களுக்குக் கூடுதல் கடமைகள் உண்டு, நல்ல வேளையாக நான் அந்தப் பட்டியலில் வர ஏழு பிறவி எடுக்க வேண்டும். ஆனால் முதலில் சொன்னவை சிறியவர்களுக்கும் பொருந்தும் என்றே எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் சொன்னார். ஆகவே எங்கள் சர்வரின் குறைதீர் அலுவலர் நான்தான். பெரும்பாலான குறைகளுக்குக் காரணமும் நான்தான்.

எனக்கு மறக்காத உரையாடல் இது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "நான் தனியாக ஒருவருக்கு அனுப்பும் செய்தியை உங்களால் படிக்க முடியுமா?" முடியும். மாஸ்டடானின் தனிச்செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டவை அல்ல, தரவுத்தளத்தைத் திறந்தால் கண்ணில் படும். படிப்பதில்லை என்பதற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை. அதையே எழுதினேன். ரகசியமாகப் பேச வேண்டியதை சிக்னல் செயலியில் பேசுங்கள் என்றும் சேர்த்தேன். இப்படிச் சொன்னால் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "கேட்டதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொன்ன முதல் தளம் இதுதான்" என்றார்.

2024 மார்ச்சில் முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் த்ரெட்ஸ் தளம் அமெரிக்கா, கனடா, ஜப்பான் பயனர்களுக்கு இந்த வலையோடு இணையும் வசதியைத் திறந்தபோது எங்கள் சர்வர் இரண்டாகப் பிரிந்தது. எதிலிருந்து ஓடிவந்தோமோ அதையே வாசலில் விடுவதா என்று ஒரு தரப்பு. என் அக்கா அங்கேதான் இருக்கிறாள், அவளோடு பேசக் கூடாதா என்று இன்னொரு தரப்பு. வாக்கெடுப்பு வைத்தேன், ஏறக்குறைய சரிபாதி வந்தது. கடைசியில் முழுத் தடை போடாமல், பொதுக் காலவரிசையில் மட்டும் அதைக் காட்டாதபடி வரம்பிட்டேன். இரு தரப்பிலும் சிலர் கோபித்துக்கொண்டு வேறு சர்வருக்குப் போனார்கள். போகிறவர்கள் தங்களைப் பின்தொடர்வோரையும் கூட்டிக்கொண்டு போக முடிகிறது. அந்தக் கதவு இருப்பதால்தான் என்னால் இரவில் தூங்க முடிகிறது.

நெய்தல்நிலம்

உப்பளம் அண்ணா, அந்தக் கதவு பாதிக் கதவு. பின்தொடர்வோர் வருவார்கள், எழுதிய பதிவுகள் வராது. எழுதுபவர்கள் இதை மாறும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுகரை

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வசிக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றுவோம். பெரிய தளமொன்றில் அந்தப் படங்களைப் போட்டபோது ஒரு முறை நீக்கினார்கள், அடுத்த முறை கணக்கையே முடக்கினார்கள். மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்தினேன். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது இன்றுவரை தெரியாது. வெறும் விளக்கும் மாமாவின் பழைய பள்ளிப் படமும்தான் அதில் இருந்தன.

கனடாவில் சிலர் சேர்ந்து நடத்தும் சர்வருக்கு மாறினேன். இம்முறை முன்கூட்டியே அட்மினுக்கு எழுதினேன்: இப்படி ஒரு நாள் எங்களுக்கு உண்டு, இன்ன படங்கள் போடுவேன், நீக்குவீர்களா? இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. விளக்குகள், இறந்தவர்களின் பெயர்கள், குடும்பப் படங்கள் எதிலும் தடையில்லை. புலிகள் அமைப்பு கனடாவில் 2006 முதல் சட்டப்படி பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிடப்பட்டது, ஆகவே கொடியும் சின்னமும் வேண்டாம். அப்படி ஏதாவது இருந்தால் நீக்கும் முன் உங்களிடம் பேசுவோம். இதுதான் பதில்.

எல்லைக் கோட்டை அவர் போட்ட இடத்தில் எனக்கு முழு உடன்பாடில்லை. அதை அவருக்கே எழுதினேன், அவரும் தன் காரணங்களை எழுதினார். அந்த நவம்பரில் படங்களைப் போட்டேன். யாரும் தொடவில்லை. என் அம்மா அதைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு, இது என்ன யானைப் படம் போட்ட முகநூல் என்று கேட்டார்.

பழம்பதிவர்

2004இல் தமிழ்மணம் திரட்டி வந்த காலத்திலிருந்து எழுதுகிறவன் என்பதால் எனக்கு இது ஊர் திரும்பியது போலத்தான் இருக்கிறது. அப்போதும் அவரவர் வலைப்பூ அவரவர் இடத்தில் இருந்தது, திரட்டி ஒன்று சேர்த்துக் காட்டியது, பின்னூட்டச் சண்டைகளை யாரோ ஒருவர் தூக்கம் கெட்டுத் தீர்த்துவைத்தார். பிறகு எல்லாரும் பெரிய தளங்களுக்குக் குடிபெயர்ந்தோம், எழுத்துக் குறுகியது.

குறுகியது என்றதும் ஒரு சின்ன மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ட்விட்டரில் 280 என்பது யூனிகோடு குறிகளின் எண்ணிக்கை. 'தமிழ்' என்று எழுதினால் ஐந்து போய்விடும், ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. மாஸ்டடானின் 500 எழுத்து என்பது கண்ணுக்குத் தெரிகிற எழுத்து. த, மி, ழ், மூன்றுதான். தொல்காப்பியர் கணக்குப்படி எண்ணும் மென்பொருளை ஒரு ஜெர்மானிய இளைஞர் எழுதத் தொடங்கினார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அனுபவம் கேட்டீர்கள் அல்லவா? ஒரு நடுகல்லின் படம் போட்டேன். பார்வையற்ற வாசகர் ஒருவர், "ஐயா, படத்தில் என்ன இருக்கிறது என்று படவிளக்கப் பெட்டியில் எழுதினால் என் திரைவாசிப்பான் படித்துக் காட்டும்" என்று கேட்டார். கையில் வில், இடுப்பில் குறுவாள், காலடியில் மாடு, மேலே நான்கு வரி வட்டெழுத்து என்று எழுதினேன். அவர் விடவில்லை. வில் எந்தக் கையில்? மாடு எந்தப் பக்கம் பார்க்கிறது? வரிகளில் எவை சிதைந்திருக்கின்றன? அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நான் மறுபடியும் அந்த ஊருக்குப் போய்க் கல்லைப் பார்க்க வேண்டியிருந்தது. முதலில் எனக்குத் தெரியாத இன்னும் அரை வரி அப்போதுதான் கண்ணில் பட்டது. இந்தச் சர்வரில் படவிளக்கம் எழுதச் சொல்லி அட்மின் சேரும்போதே கேட்டுக்கொள்கிறார். தொந்தரவு என்று நினைப்பவர்கள் உண்டு.

நெய்தல்நிலம்

கெட்ட அனுபவமும் ஒன்று இருக்கட்டும். நான் முதலில் இருந்த சர்வர் ஒரு காலையில் இல்லை. பராமரிப்பு என்று நினைத்தேன். நாள்கள் போயின. அதை நடத்தியவர் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டார் என்று வேறொருவர் மூலம்தான் தெரிந்தது. என் பதிவுகள், எழுதிவைத்த குறிப்புகள், நான் பின்தொடர்ந்தோர் பட்டியல் எல்லாம் அதோடு போயின. சர்வர் உயிரோடு இருந்தால்தான் கணக்கை மாற்ற முடியும், செத்த பிறகு ஒன்றும் செய்ய இயலாது.

அட்மின் ஒழுங்காக இருந்தாலும் வேறு வழியில் இடி விழலாம். டாட் ஏஎஃப் என்று முடியும் முகவரியில் இயங்கிய க்வியர் டாட் ஏஎஃப் சர்வரின் பெயரை 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசின் அமைச்சகம் முடக்கியது. அந்த எழுத்துகள் ஆப்கானிஸ்தானுக்கு உரியவை. முகவரியின் வாலையும் பார்த்துச் சேருங்கள்.

இப்போது நான் சேரும் முன் பார்ப்பது மாஸ்டடான் சர்வர் உடன்படிக்கை. ஜாயின்மாஸ்டடான் தளத்தில் பட்டியலிடப்படும் சர்வர்கள் அதை ஏற்றவை. தினமும் நகல் எடுக்க வேண்டும், வெறுப்புப் பேச்சை முனைந்து கட்டுப்படுத்த வேண்டும், மூடுவதென்றால் குறைந்தது மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும், அவசரத்துக்குச் சர்வரைத் திறக்கக்கூடிய இரண்டாவது ஆள் ஒருவராவது இருக்க வேண்டும். உப்பளம் அண்ணா, உங்களிடம் அந்த இரண்டாவது ஆள் உண்டா?

உப்பளம்

இல்லை. இருந்தவர் வேலை மாறி வெளிநாடு போய்விட்டார். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தெரிந்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

வேலிக்கருவை

எனக்கு போஸ்ட்கிரெஸ் தெரியும், வேலையே அதுதான். ஆனால் நான் இங்கே இருப்பதே இல்லையே.

உப்பளம்

பதிவு எழுதச் சொல்லவில்லை. சர்வர் விழுந்தால் எழுப்பத் தெரிந்தால் போதும். கிரிக்கெட் நாளில் விழாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கார்மேகம்

எனக்குச் சர்வர் வேலை எதுவும் தெரியாது. வரும் புகார்களைப் படித்துப் பிரித்துவைக்க முடியும், இரவு பத்து மணிக்கு மேல். உதவுமா?

உப்பளம்

நிச்சயமாக. உங்கள் அட்மின் கோபித்துக்கொள்வாரா என்று முதலில் கேட்டுவிட்டு வாருங்கள். எங்கள் நடத்தை விதிகளின் தமிழ் வடிவத்தில் சந்திப் பிழைகள் நிறைய இருக்கின்றன, அதைத் திருத்துவதிலிருந்து தொடங்கலாம்.