தட்டு கழுவ ஆசை வரவைக்கும் படக்கதை ஏதாவது உண்டா?

கோவை அப்பா:
மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நாலு. மனைவி செவிலியர், மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. அந்த நாட்களில் நாங்கள் மூவரும் சாப்பிட்ட தட்டு சாப்பிட்ட இடத்திலேயே காய்ந்து கிடக்கும். காலையில் அவள் களைத்து வந்து பருக்கையைச் சுரண்டும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சுவரில் அட்டவணை ஒட்டி, வேலைக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் என்று தொடங்கினேன். ஒன்பதாம் நாள் ஒரு செம்பு தண்ணீர் கேட்டதற்கு, "இதற்கு எத்தனை ஸ்டிக்கர்?" என்றாள் மகள். கிழித்துப் போட்டுவிட்டேன். அடுத்து ஒரு படப்புத்தகம் வாங்கினேன். ஒரு சிறுமி பொம்மைகளை அடுக்குகிறாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், சிரிக்கிறாள், கடைசிப் பக்கத்தில் அம்மாவிடம் முத்தம் வாங்குகிறாள். மகன் பாதியிலேயே எழுந்து போய்விட்டான். மகள் முழுதும் கேட்டுவிட்டு, "இவளுக்கு விளையாடவே தெரியாதா அப்பா?" என்றாள்.

உபதேசம் இல்லாத புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். தமிழில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, படத்தைக் காட்டி நானே சொல்லிவிடுவேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி:
தம்பி, கோர்னெய் சுக்கோவ்ஸ்கி என்ற ரஷ்யக் கவிஞர் 1926இல் எழுதிய கதைப்பாட்டு ஒன்று உண்டு: 'ஃபெதோராவின் துயரம்'. ஃபெதோரா என்ற பாட்டி பாத்திரமே கழுவமாட்டாள். வீடெல்லாம் கரப்பான் பூச்சி. பொறுத்துப் பார்த்த பாத்திரங்கள் ஒருநாள் கூட்டமாக வீட்டைவிட்டு ஓடிவிடும். பாட்டி பின்னாலேயே ஓடிக் கெஞ்சி, தேய்த்துப் பளபளவென்று வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் திரும்பும்.

இதை வகுப்பில் பல வருடம் நம் ஊர்ப் பாத்திரங்களை வைத்துச் சொல்லியிருக்கிறேன். இட்லிக் கொப்பரை குண்டு, ஓட முடியாது, உருண்டுதான் போகும். கரண்டி ஒற்றைக் காலில் நொண்டும். டம்ளர்கள் கிண் கிண்ணென்று படியிறங்கும். தட்டு மட்டும் வாசலில் நின்று, "என் முதுகில் நேற்றைய சாம்பார் காய்ந்துவிட்டது, அரிக்கிறதே!" என்று அழும். அந்த இடம் வந்தால் பிள்ளைகள் தங்கள் முதுகைச் சொறிந்துகொள்வார்கள். கதையில் எந்தப் பிள்ளையையும் யாரும் திட்டவில்லை, கவனித்தீர்களா? தட்டுக்கு அரிக்கிறது, அவ்வளவுதான்.

கதை முடிந்த கையோடு சின்னவனிடம் எவர்சில்வர் டம்ளரையும் கொஞ்சம் தேங்காய் நாரையும் கொடுங்கள். கண்ணாடியும் கத்தியும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். தரை நனையும், நனையட்டும்.

புத்தகப்புழு:
ஆந்தனி பிரௌனின் 'பிக்கிபுக்' (1986) பாருங்கள். வீட்டு வேலை முழுவதும் அம்மா தலையில். அப்பாவும் இரண்டு மகன்களும் உட்கார்ந்து சாப்பிடுவதோடு சரி. ஒருநாள் அம்மா, 'நீங்கள் பன்றிகள்' என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். மூவரும் நிஜமாகவே பன்றிகளாகிவிடுகிறார்கள். சுவர்க் காகிதத்துப் பூவில்கூடப் பன்றி முகம் ஒளிந்திருக்கும், பிள்ளைகள் விரல் வைத்துத் தேடுவார்கள். கடைசிப் பக்கத்தில் அம்மா கார் பழுது பார்க்கிறார்.

கோபிக்கவேண்டாம். 'நாங்கள் மூவரும் சாப்பிட்ட தட்டு' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புத்தகம் கேட்டது இரண்டு பேருக்கு மட்டும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
அட்டவணையைக் கிழித்திருக்கவேண்டாம். ஆர்னால்ட் லோபெலின் 'ஃப்ராக் அண்ட் டோட் டுகெதர்' (1972) என்ற தவளை, தேரைக் கதைகளில் ஒன்று பட்டியலைப் பற்றியதுதான். தேரை அன்றைய வேலைகளை எழுதி, 'எழுந்திருப்பது' முதல் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரும். காற்று பட்டியலைத் தூக்கிக்கொண்டு போகும். அதன் பின்னால் ஓடுவது பட்டியலில் இல்லாததால் தேரை அசையாமல் நிற்கும். எங்கள் வீட்டில் சிரித்து உருண்டார்கள். மறுநாள் மகள் தானாகவே ஒரு பட்டியல் எழுதினாள். முதல் வரி: 'பட்டியல் எழுதுவது'.

தமிழில் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதைத் தளம் இருக்கிறது. இலவசம், இறக்கிக்கொள்ளலாம். மொத்தம் நான்கு வாசிப்பு நிலைகள்; சின்னவனுக்கு முதல் நிலை போதும். அச்சுப் புத்தகம்தான் வேண்டுமென்றால் சென்னை தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களைப் பாருங்கள்.

கோவை அப்பா:
டீச்சர், நேற்று இரவு சொன்னேன். எங்கள் வீட்டில் கொப்பரை கிடையாது, அதனால் குக்கர் விசில் அடித்துக்கொண்டே உருண்டது. மகன் மூன்று டம்ளர் தேய்த்தான். அதாவது ஒரே டம்ளரை மூன்று முறை. சமையலறையில் வெள்ளம், துடைத்தது நான்.

காலையில் பார்த்தால் வாசல் கதவருகே என் காபி டம்ளர் நிற்கிறது, அடியில் காய்ந்த கசடோடு. டபராவைக் காணோம். மகளிடம் கேட்டேன். "அது கிளம்பிவிட்டது அப்பா. டபரா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது" என்றாள். பணி முடிந்து வந்த மனைவி அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தாள்.

பன்றிப் புத்தகத்துக்கும் ஆர்டர் கொடுத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.